ஒரே பக்கம் படுத்த பிள்ளை

நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்க்க வந்தால் பிரசவக் கதைகளைத்தான் கேட்கிறீர்கள். கால் முன்னால் வந்த பிள்ளை, மாட்டு வண்டியிலேயே பிறந்த பிள்ளை, மூச்சில்லாமல் வந்து பிறகு வீரிட்டு அழுத பிள்ளை. சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. அந்தக் கதைகளின் முடிவில் வீட்டார் நம்மைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆனால் நம் வேலையில் முக்கால்வாசி யாரும் கும்பிடாத வேலை. இன்றைக்கு அதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்துத் தட்டையாகிப் போகிற பிஞ்சுத் தலையைப் பற்றி.

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் டாக்டர்களே சிரித்தார்கள். காலராவும் மலேரியாவும் ஊர் ஊராகப் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, "தலை தட்டையாப் போனதால யாரம்மா செத்தாங்க?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். தட்டைத் தலையால் பிள்ளை சாகாது. அறிவும் மழுங்காது. ஆனால் அந்தத் தலையை நிமிர்த்துகிறோம் என்று வீட்டில் செய்கிற காரியங்கள் இருக்கின்றனவே, அவை பிள்ளையைக் கொண்டுபோய்விடும். சில சமயம் தாயையும் வீட்டை விட்டுத் துரத்திவிடும். அதைப் பார்த்தவள் நான்.

மல்லசமுத்திரத்திலிருந்து உள்ளே போகிற வண்டித் தடத்தில் ஒரு தோட்டத்து வீடு. நிலமும் கிணறும் உள்ள குடும்பம். அப்போது உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைக்காது. பஸ்கள் கரியில் ஓடின. மேடு வந்தால் எங்களை இறக்கிவிட்டுத் தள்ளச் சொல்வார்கள். அப்படித் தள்ளிய பஸ்ஸிலிருந்து இறங்கி, வெயிலில் நடந்து அந்த வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு மருமகள் பாவாயி, களை வெட்ட வந்த ஒரு பெண்ணிடம் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். "பையன் தலையைப் புடிச்சுக் கட்டப் போறாங்க, வெரசா வாங்க" என்பதுதான் செய்தி. மாமியாருக்குத் தெரியாமல் அனுப்பியது.

பாவாயியின் கதை அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய முதல் பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தபோதே போய்விட்டது. இரண்டாவதும் பிறந்து சில நாளில் போயிற்று. மூன்றாவதாக இந்தப் பையன். இவனாவது தங்கட்டும் என்று, அந்தப் பக்கத்து வழக்கப்படி பிறந்ததும் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பண்ணன் என்று பேர் வைத்தார்கள். எங்களுக்கே வேண்டாத பிள்ளை என்று எமனுக்குக் காட்டுவதற்காக. பிரசவம் தாய் வீட்டில் நடந்ததால் நான் பார்க்கவில்லை. பிறகு புருஷன் வீட்டுக்குப் பிள்ளை வந்ததும் எனக்குத் தெரியாது.

குப்பை என்று பேர் வைத்தார்களே தவிர, வளர்த்தது கண்ணாடிப் பாத்திரத்தைப் போல. மாமியார் ராமாயி அம்மாள் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். இனி இந்த வீட்டில் தூளி கட்டக் கூடாது. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறவரை பிள்ளையை வெளியே கொண்டுவரக் கூடாது. பால் கொடுக்கவும் குளிப்பாட்டவும் தவிரத் தூக்கக் கூடாது, தூக்கினால் சூடு பிடிக்கும், கண் படும். நெல் குதிர் இருந்த உள்ளறையில் ஒரு பலகைக் கட்டில் போட்டு, தெற்கே தலை வைத்து மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அந்த அறைக்குக் கிழக்குச் சுவரில் கையகலச் சன்னல் ஒன்று. இருட்டறையில் கிடக்கிற பிள்ளை எதைப் பார்க்கும்? வெளிச்சத்தைத்தான் பார்க்கும். நாளெல்லாம், மாதமெல்லாம் வலப்பக்கம் திரும்பியே கிடந்திருக்கிறான்.

அதே தோட்டத்தில் களை வெட்ட வந்த பெண்களின் பிள்ளைகளையும் வழியில் பார்த்தேன். அவர்களுக்குத் தலை நன்றாக உருண்டையாக இருந்தது. படுக்க வைக்க இடமில்லாமல் இடுப்பிலும் தோளிலும் மரக்கிளைத் தூளியிலும் வளர்கிற பிள்ளைகள். அவர்களுக்குப் பாலும் போதாது, நிழலும் போதாது. அதனால் அதை நான் பெருமையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு அருமையாக வளர்த்த பிள்ளைக்கு இது வந்ததே என்று மனசு கசந்தது உண்மை.

நான் உள்ளே போனபோது ராமாயி அம்மாள் குதிரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாவாயி கதவோரம் நின்றாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலை பிடித்துவிடுகிற அம்மா ஒருவர், விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணிச்சுருளும் இழைத்த ஒரு மூங்கில் தப்பையும் இருந்தன. தப்பையைத் தலையில் வைத்து இறுக்கிக் கட்டுவார்களாம். பாவாயியின் புருஷன் செங்கோடன் வெளியே வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தான்.

"வாங்க நர்சம்மா, ஆரு வரச் சொன்னாங்க?" என்றார் ராமாயி அம்மாள்.

பாவாயியின் முகம் வெளிறியதைப் பார்த்தேன். "இந்தப் பக்கம் வந்தேன், பிள்ளை பிறந்திருக்கிறதாகச் சொன்னார்கள், பார்த்துவிட்டுப் போகலாம் என்று" என்றேன். நான் ஆத்தூர்ப் பக்கம் பிறந்தவள். பேச்சில் 'ங்க' போட மறந்துவிடுவேன், அவர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு நினைவாக நிறுத்தி, "பார்க்கலாமுங்களா?" என்று சேர்த்துக்கொண்டேன்.

"பாத்துட்டுப் போங்க. அடுத்த மாசம் மொட்டை. சனமெல்லாம் வந்து நிக்கும். முடி இருக்கறதால இப்பத் தெரியலீங்க. முடியை எடுத்துட்டா ஒரு பக்கம் சப்பையா இருக்கறது ஊருக்கே தெரிஞ்சு போயிருமுங்க. புள்ளை வேற அந்தண்டப் பக்கம் திரும்பவே மாட்டேங்கறான். மந்தமான்னு கேக்கறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார்: "இவ வயித்துல வாரதெல்லாம் இப்படித்தானுங்க. பரமத்தி வேலூர்ல எந்தம்பி மக இருக்கறா. பையனுக்கு இன்னொண்ணு கட்டி வெக்கறதுன்னு இருக்கறேன்."

கதவோரம் நின்றவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் பிள்ளையைப் பார்த்தேன். நல்ல தேறிய பிள்ளை. கண்ணுக்கு நேரே விரலைக் கொண்டுபோனால் கண் கூடவே வந்தது. சிரித்தான். என் சேலைத் தலைப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். மந்தமும் இல்லை ஒன்றும் இல்லை. கழுத்து மட்டும் இடப்பக்கம் திரும்ப மறுத்தது. பின்தலையில் வலப்பக்கம் கையை வைத்தால் தட்டை.

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. என் நாக்கு நுனிவரை வந்த வார்த்தை என்ன தெரியுமா? "இப்படித் தூக்காமல் கொள்ளாமல் போட்டு வைத்தால் தட்டையாகாமல் என்ன செய்யும்?" என்பது. உண்மைதான். ஆனால் அதைச் சொன்னால் யார் தலையில் விழும் என்று ஒரு கணம் யோசித்தேன். ராமாயி அம்மாள் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் என்னை வாசலுக்கு அனுப்பிவிட்டுத் தப்பையை எடுப்பார். இல்லாவிட்டால் "தாய்க்காரி ஒழுங்காப் படுக்க வெக்கலை" என்று பாவாயி மேல் திருப்புவார். அவளை வெளியே தள்ள இன்னொரு காரணம் கிடைத்துவிடும். இரண்டிலும் பிள்ளையின் தலை கட்டப்படும்.

அதனால் சன்னலைக் காட்டினேன். "அம்மா, இந்த அறைக்கு வெளிச்சம் அங்கிருந்து மட்டும்தான் வருகிறது. புத்தியுள்ள பிள்ளை, வெளிச்சத்தைப் பார்த்தே படுத்திருக்கிறான். இளந்தலை, படுத்த பக்கம் அமுங்கும். கழுத்தும் அந்தப் பக்கமே பழகிவிட்டது. இது சன்னல் செய்த வேலைங்க. யார் மேலும் தப்பு இல்லை" என்றேன். பொய் ஒரு சொல்லும் இல்லை. யாரையும் அடிக்க யார் கையிலும் தடி கொடுக்காத உண்மை. அப்படி ஓர் உண்மை எப்போதும் கிடைக்காது, கிடைக்கிறபோது பிடித்துக்கொள்ளுங்கள்.

ராமாயி அம்மாள் சன்னலைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. "அதென்னமோ இருக்கட்டுங்க. ஆனது ஆயிப்போச்சு. இப்ப மொட்டைக்குள்ள நேராகோணுமில்ல?" என்று தலை பிடிக்கிற அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார். அந்த அம்மா எண்ணெயைத் தொட்டு, துணிச்சுருளைப் பிரித்தார்.

சத்தம் போட்டால் நான் போனபின் கட்டுவார்கள். பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆஸ்பத்திரி பேரைச் சொன்னால் அந்த வீட்டில் இரண்டு சாவு பார்த்தவர்களுக்குப் பயம்தான் கூடும். இன்னும் யாரும் ஒரு வார்த்தை கேட்காத ஆள் பிள்ளையின் அப்பன்தான் என்று தோன்றியது. வாசலைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் உள்ளே வாங்க" என்றேன்.

செங்கோடன் வந்தான். அந்தப் பக்கத்தில், பெற்றவர்கள் முன்னால் ஒருவன் தன் பிள்ளையைத் தூக்குவது மரியாதைக் குறைவு. அண்ணன் பிள்ளையைத் தூக்கலாம், அக்காள் பிள்ளையைக் கொஞ்சலாம், தன் பிள்ளையைத் தொடக் கூடாது. இத்தனை மாதமாக அவன் மகனைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை என்று பிறகு தெரிந்தது. நான் அவன் கையைப் பிடித்து விரலை மெல்லப் பிள்ளையின் உச்சிக்குழியில் வைத்தேன்.

"துடிக்கிறது தெரிகிறதா?"

"ஆமாங்க."

"இங்கே எலும்பு இன்னும் மூடவில்லை. மேலே தோல்தான், அடியில் மூளை. இதைச் சுற்றி இறுக்கிக் கட்டலாமா? நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை உங்கள் பிள்ளை."

அவன் விரலை எடுக்கவில்லை. நெற்றியில் வேர்த்தது. ராமாயி அம்மாள், "ஏன்டா, பொம்பளைங்க இருக்கற எடத்துல உனக்கென்ன சோலி? வெளிய போ" என்றார். அவன் போகவில்லை. குனிந்தான். இரண்டு கையையும் கொடுத்துப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான், அம்மா முன்னாலேயே. தூக்கத் தெரியவில்லை, தலை ஆடியது. பாவாயி ஓடிவந்து தலைக்குக் கை கொடுத்தாள்.

"தூக்காமப் போட்டதாலதான ஆச்சு? நான் தூக்கிக்கறேனுங்க ஆத்தா. கட்ட வேண்டாம்" என்றான்.

சன்னல் என்று நான் சுற்றி வளைத்துச் சொன்னதை அவன் நேராகவே போட்டு உடைத்துவிட்டான். ஆனால் பெற்ற மகன் சொன்னால் அது வேறு. ராமாயி அம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார். தலை பிடிக்கிற அம்மா துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, "அப்ப நான் குளிப்பாட்ட வரலாமுங்களா நர்சம்மா?" என்று கேட்டார். அவரும் கெட்டவர் இல்லை. பல பிள்ளைகளை அருமையாகக் குளிப்பாட்டியவர். "தாராளமாக வாங்க, தலையை மட்டும் அமுக்காதீங்க" என்றேன்.

அப்புறம் என்ன செய்தோம் என்பது உங்களுக்குத் தெரிந்த வழிமுறைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். விழித்திருக்கிற நேரம் பிள்ளை யார் தோளிலாவது இருக்க வேண்டும். எதிரில் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புற விட வேண்டும். தூங்கும்போது மல்லாக்கத்தான். "அதையே தூங்கறப்பயும் குப்புறப் போட்டா வெரசா நேராகுமில்லீங்க?" என்று பாவாயி கேட்டாள். கூடவே கூடாது என்றேன். அந்த வீட்டில் தூக்கத்தில் ஒரு பிள்ளை போயிருக்கிறது, நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் படுக்கையில்தான் வந்தது. தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் படுக்க வைத்தால் வெளிச்சம் இடப்பக்கம் வரும், பிள்ளை தானே திரும்புவான். வேறு வீடாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் அப்படி மாற்றினால் தலை வடக்கே வரும். வடக்கே தலை வைப்பது பிணத்துக்கு. இரண்டு பிள்ளையைப் புதைத்த வீட்டில் போய் அதைச் சொல்வேனா? சொல்லவில்லை. மேற்குப் பக்கம் சன்னல் உள்ள அறை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். தெற்கே தலை வைத்தாலும் அங்கே வெளிச்சம் இடப்பக்கம் விழும். பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்று படுக்க வைக்கலாம்.

பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள். மேற்கே ஓர் அறை இருந்தது, பூட்டிக் கிடந்தது. முதல் பிள்ளையின் தூளி அந்த அறை உத்தரத்தில்தான் கட்டியிருந்ததாம். சாவி மாமியார் இடுப்பில். கேட்க யாருக்கும் துணிவு இல்லை. எனக்கும் இல்லை. களைத்துப்போய்க் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, பாதி வேலையை விட்டுவிட்டு வருகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் போனபோது மேற்கு அறை திறந்திருந்தது. சாணம் மெழுகி, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சன்னலில் சிவப்புத் துணி ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குப்பண்ணன் அதைப் பார்க்க இடப்பக்கம் கொஞ்சம் திரும்ப முயன்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ராமாயி அம்மாள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமலேயே, "தொறந்து வெச்சுட்டேனுங்க. எத்தனை நாளைக்குப் பூட்டியே வெக்கறது" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. நான் அவரை அதுவரை ஒரு கல் நெஞ்சுக்காரி என்றே நினைத்திருந்தேன். பயந்துபோன மனுஷி என்று அப்போதுதான் உறைத்தது.

மொட்டைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்து முடி எடுத்தார்கள். சவரக் கத்தி பின்பக்கம் போகப் போகப் பாவாயி என் கையை நெரித்துக்கொண்டு நின்றாள். தலை முழுக்க நேராகிவிடவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கழுத்து இளகிவிட்டது, இரண்டு பக்கமும் திரும்பினான், தட்டை பாதி குறைந்திருந்தது. மீதி தெரிந்தது. பந்தலில் ஒரு பெண், "என்னமோ தலை ஒரு பக்கமாட்டம் இருக்குதே" என்று இழுத்தாள்.

ராமாயி அம்மாள் திரும்பினார். "ஆமா, எங்க ஊட்டுச் சன்னலு பண்ணுன வேலை அது. கேக்கறதுன்னா சன்னலைப் போய்க் கேளு. இன்னும் கொஞ்ச மாசத்துல அதுவும் சரியாப் போயிரும். போய்ச் சாப்புடு" என்றார். இரண்டாம் கல்யாணப் பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை. குப்பண்ணன் வளர வளரத் தலையும் பெரும்பாலும் சரியாயிற்று, முடி மீதியை மூடிக்கொண்டது.

இதைப் பெரிய வெற்றி என்று நினைக்காதீர்கள். நான் நினைக்கவில்லை. முதல் மாதத்திலேயே யாராவது ஒருத்தி அந்த வீட்டுக்குப் போய், வெளிச்சம் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்று பார்த்து, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பையும் இல்லை, எண்ணெயும் இல்லை, அவ்வளவு கண்ணீரும் இல்லை. அதன் பிறகு நான் பிள்ளை பிறந்த ஒவ்வொரு வீட்டிலும் முதலில் சன்னலைத்தான் தேடினேன். ஒரே பேச்சை எத்தனை வீட்டில் பேசினேன் என்று கணக்கில்லை. "பக்கத்தை மாத்திப் படுக்க வையுங்க, முழிச்சிருந்தால் தூக்குங்க." பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் தலையை ஆட்டிவிட்டு மறந்தார்கள். கால் வலியோடு திரும்பி வரும்போது, இதற்கு ஒரு கிளிப்பிள்ளை போதுமே, நான் எதற்கு என்று தோன்றும்.

சில வருடம் கழித்துப் பாவாயிக்கு ஒரு பெண் பிறந்தது. இந்த முறை அந்த வீட்டிலேயே நான்தான் பிரசவம் பார்த்தேன். மாதங்கள் போய், ஒரு நாள் அந்த வழியாக வந்தபோது உள்ளே நுழைந்தேன். செங்கோடன் வாசலிலேயே பெண்ணைத் தோளில் வைத்து நடந்துகொண்டிருந்தான், அம்மா பார்க்க. பாவாயி வாங்கிக்கொண்டு போய் மேற்கு அறையில் படுக்க வைத்தாள். நான் தலையைத் தடவிப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் மாதிரி அவ்வளவு வழவழப்பு, எங்கும் ஒரு மேடு பள்ளம் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். யாராவது ஒரு வார்த்தை சொல்வார்களா என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காத்திருந்தேன்.

ராமாயி அம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பேத்தியைப் பெருமையாகப் பார்த்தார். "பையனுக்குத்தான் நாம அந்தப் பாடு பட்டோம். இவளுக்குப் பாருங்க நர்சம்மா, ஒண்ணும் பண்ணாமயே தலை தானா எவ்வளவு அழகா அமைஞ்சு போச்சு!"

நான் மோரைக் குடித்தேன். சொல்ல என்ன இருக்கிறது? வராமல் போன ஒன்றை யாருக்கு எடுத்துக் காட்டுவது? உங்களுக்கும் இதே பேச்சுதான் கிடைக்கும். முதல் தடவை கோபம் வரும்.

"ஆமாங்க அத்தை, தானாத்தானுங்க அமைஞ்சுது" என்றாள் பாவாயி. சொல்லிக்கொண்டே தூங்குகிற பிள்ளையின் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து, முகத்தை மெல்ல மறுபக்கம் திருப்பி வைத்தாள்.